திருநங்கையான உறவினரை 'அவள்' என்றுதான் சொல்ல வேண்டுமா?

கூடவே வளர்ந்த சித்தி பையன் இப்போது திருநங்கை, 'அவள்' என்று சொல்ல வாய் வரவில்லை, பாலினமே சமூகம் கட்டிவைத்ததுதான் என்றால் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று புரிகிறது. ஆனால் என் தங்கை திருநங்கை, படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

எங்கள் அப்பா கல்யாண சமையல் மாஸ்டர். வீட்டு அடுப்படி பெண்களுக்கு, அதே சமையலை மண்டபத்தில் கூலிக்குச் செய்தால் ஆம்பளை வேலை. ஊர் வகுத்ததுதான் இது, அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சாதியும் ஊர் வகுத்ததுதானே, அதனால் யாரையும் எப்படியும் கூப்பிடலாம் என்பீர்களா?

தங்கை முதல்முறை புடவையில் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா வாசலிலேயே நின்று, "அது எதுக்கு வந்திருக்கு?" என்றார். 'அவன்' கூட இல்லை, 'அது'. அப்பா எட்டாவது தாண்டாதவர், எந்தக் கோட்பாடும் தெரியாது. "எம் பொண்ணு வந்திருக்கா. உள்ள வர்றதுன்னா அவளை மரியாதையா பேசு, இல்லன்னா கிளம்பு" என்றார். சித்தப்பா கிளம்பிப் போய்விட்டார். அப்பா போய் அவளுக்கு இலை போட்டார். அவரை நினைத்து எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இதற்குக் கீழே 'தமிழ்ப் பண்பாடு' என்று யாராவது வருவார்கள். தொல்காப்பியமே திருநங்கைகளை உயர்திணையில்தான் வைத்திருக்கிறது, 'அது' என்பதற்கு அங்கேயும் இடமில்லை. "ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்பவர்களுக்கு: தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு, அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது என 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் யாருக்கும் பாடம் எடுக்க வரவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2008-லேயே நலவாரியம் வந்தாயிற்று, ஆனால் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கிறதா? போனில் சரி என்ற வீட்டுக்காரர் என் தங்கையை நேரில் பார்த்ததும் அட்வான்ஸை இரட்டிப்பாக்கினார், இன்னொருவர் கேட்டையே திறக்கவில்லை. மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறவள், வேறென்னதான் வேண்டும் இவர்களுக்கு?

சரி, உங்கள் விஷயம். அவரிடமே நேரில் கேளுங்கள், "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று. சிலர் 'அவள்' என்பார்கள், சிலருக்கு 'அவங்க' பிடிக்கும். வாய் பழகும்வரை பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள், பழைய பெயரை அல்ல, அவர் வைத்துக்கொண்ட பெயரை.