கிட்கேட் நெஸ்லேக்குப் போய்விட்டது. ஜோசப் ரவுண்ட்ரீயின் சொத்து யாரிடம் போனது?

கிட்கேட் செய்த ரவுண்ட்ரீ கம்பெனியை நெஸ்லே வாங்கியது 1988-ல், சுமார் 250 கோடி பவுண்டுக்கு. ஆனால் அந்தக் கம்பெனியை நடத்திய ஜோசப் ரவுண்ட்ரீ தன் சொத்தில் ஏறக்குறைய பாதியை 1904-லேயே மூன்று டிரஸ்ட்டுகளுக்கு எழுதி வைத்துவிட்டார். மூன்றும் இன்றும் இயங்குகின்றன.

கிட்கேட்டைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சிலர் எழுதுகிறார்கள், தவறு. அவர் இறந்தது 1925-ல். அந்தச் சாக்லேட் கடைக்கு வந்தது 1935-ல். அவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து மளிகைக் கடைக்காரரின் மகன், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தம்பி ஹென்றி 1862-ல் வாங்கிய கோகோ தொழில் தள்ளாடியபோது, 1869-ல் கணக்கைச் சரிசெய்ய உள்ளே வந்தவர்.

அவருடைய மூளை தெரிவது டிரஸ்ட் அமைப்பில்தான். தர்ம ஸ்தாபனம் என்று பதிந்தால் வரி கிடையாது. ஆனால் அரசியலுக்குக் காசு கொடுக்க முடியாது. சட்டத்தை மாற்றாமல் வறுமை தீராது என்று நினைத்தவருக்கு இது இடைஞ்சல். அதனால் ஒன்றைத் தர்ம டிரஸ்ட்டாகவும், இன்னொன்றை வரி கட்டும் சாதாரணக் கம்பெனியாகவும் பதிந்தார். வரி போனால் போகட்டும், கை கட்டப்படக் கூடாது என்ற கணக்கு. இந்த இரண்டும் 35 வருடத்துக்குள் பணத்தைச் செலவழித்து முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். காலம் மாறியபின் பழைய நிபந்தனைகள் அறக்கட்டளையை முடக்கிவிடும் என்று அஞ்சினார். மூன்றாவதான கிராம டிரஸ்ட் மட்டும் நிரந்தரம், ஏனென்றால் அதன் கையில் வீடுகள் இருந்தன. யார்க்குக்கு வடக்கே நியூ இயர்ஸ்விக் என்ற ஊர். வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு பழமரம், மதுக்கடை கிடையாது. குடியேற ரவுண்ட்ரீ ஆலையில் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற பிடி முதலாளி கையில் இல்லாதது சின்ன விஷயமல்ல.

கஞ்சித்தொட்டி திறக்கப் பணம் தாராளமாக வரும், வறுமைக்குக் காரணம் தேடும் ஆய்வுக்கு அதிகம் ஆதரவு கிடைக்காது என்று டிரஸ்ட்டிகளுக்கு எழுதிய குறிப்பில் சொல்லியிருக்கிறார். மகன் சீபோம் அந்த ஆய்வை ஏற்கெனவே செய்து 1901-ல் வெளியிட்டிருந்தார். யார்க்கில் 11,560 குடும்பங்களை வீடுவீடாக விசாரித்த ஆய்வு அது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று வறுமைக் கோடு போட்டார்: சாப்பாட்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகை 4 ஷில்லிங், துணி, விளக்கு, எரிபொருள் எல்லாம் சேர்த்து 4 ஷில்லிங் 11 பென்ஸ். ரயில் டிக்கெட், செய்தித்தாள், தபால்தலை எதற்கும் இதில் இடமில்லை. வேண்டுமென்றே இறுக்கிப் போட்ட கோடு, யாரும் 'ஊதாரித்தனத்தால் ஏழையானான்' என்று சொல்லிவிடக் கூடாதல்லவா! அப்படியும் வருமானமே அந்தக் கோட்டை எட்டாதவர்கள் நகர மக்களில் 9.91 சதவீதம். கண்ணுக்குத் தெரிந்த வறுமையில் இருந்த மற்றவர்களையும் சேர்த்தால் 27.84.

மறுபக்கமும் உண்டு. டிரஸ்ட்டுகளுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் கம்பெனிப் பங்குதான், அந்தக் கம்பெனிக்கு கோகோ வந்ததோ காலனி நாடுகளிலிருந்து. கட்டாய உழைப்போடும், பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியோடும் கம்பெனிக்கு இருந்த தொடர்பு 2021-ல் வெளியான ஆய்வில் பேசப்பட்டது. டிரஸ்ட்டுகள் வருத்தம் தெரிவித்தன.

இன்று தேடுபவர்கள் பெயரில் குழம்புவார்கள். தர்ம டிரஸ்ட், சாரிட்டபிள் டிரஸ்ட் என்ற அதே பெயரில் இருக்கிறது. வரி கட்டும் கம்பெனி இப்போது ரிஃபார்ம் டிரஸ்ட். பிரிட்டன் செய்திகளில் வறுமை அறிக்கைகளோடு அடிபடும் ஜோசப் ரவுண்ட்ரீ ஃபவுண்டேஷன்தான் அந்தப் பழைய கிராம டிரஸ்ட்.