ஆலயப் பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஆலய நிர்வாகத்தில் நான் பொருளாளர். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் 40 பேருக்குச் சனிக்கிழமைகளில் சமய வகுப்பு நடத்த ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறோம். வகுப்பறை கேட்டதற்கு, “பள்ளிப் பணத்தில் ஒரு காசும் தர முடியாது, எதையும் எழுத்தில் கேளுங்கள்” என்கிறார் தலைமையாசிரியை. பள்ளியில் கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது? பணத்தை எதில் போடுவது?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தலைமையாசிரியை மேல் வருத்தம் வேண்டாம், ஐயா. அவர் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, அரசாங்க உதவி பெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயங்களைக் கற்பிக்கப் பள்ளி மேலாளர் வாரியத்துக்கு இடம் தருகிறது. ஆனால், நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை அதற்குச் செலவழிக்கக் கூடாது. பள்ளிக்கு வரும் அரசாங்க மானியத்தில் வாங்கிய ஏ4 தாளில் உங்கள் தேவாரப் பாட்டை நகல் எடுத்தாலும் அது பிசகுதான். தாள், மார்க்கர் பேனா எல்லாவற்றையும் ஆலயமே கொண்டுபோகட்டும்.

ஆகவே உங்கள் கடிதம் வாரியத் தலைவருக்குப் போக வேண்டும். தலைமையாசிரியைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் நகல் கொடுங்கள். வகுப்பு நாள், நேரம், எத்தனை அறை, கற்பிப்பவர்களின் பெயர், செலவு முழுதும் ஆலயத்துடையது என்ற உறுதி, முடிந்ததும் அறையைச் சுத்தம் செய்து பூட்டுபவர் யார் என்பது வரை எழுதுங்கள். இந்தக் கடைசி விவரம் சின்னதாகத் தெரியும். திங்கட்கிழமை காலை நாற்காலிகள் கலைந்து கிடந்தால் அடுத்த மாதம் அறை கிடைக்காது. வெளியார் பள்ளிக்குள் வருவதால் மாவட்டக் கல்வி இலாகாவின் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டால், அதற்கும் காத்திருங்கள். அதுவரை ஆலய மண்டபத்திலேயே தொடங்கலாம்.

இனி பணம். இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் ஆசிரியரால்தான் நிற்கின்றன. “சேவையாக வருகிறேன்” என்று தொடங்குபவர் நாலைந்து மாதத்தில் பெட்ரோலுக்கும் கைக்காசு போட்டுக் களைத்துப்போகிறார். அதனால் முதல் செலவு ஆசிரியருக்கே. டி-சட்டை, பேனர், திறப்பு விழா எதுவும் முதல் ஆண்டில் வேண்டாம்.

பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி கிளம்பும் வாரம் எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 36 சனிக்கிழமை கிடைக்கும். இரண்டு மணி நேர வகுப்புக்கு ஆசிரியருக்கு 70, உதவியாளருக்கு 40 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 3,960. குறிப்பேடு, நகல் செலவு பிள்ளைக்கு 15 ரிங்கிட் வீதம் 600. ஆண்டிறுதிப் பரிசுக்கு 440 போதும். மீதி 1,000 ரிங்கிட்டைத் தொடாதீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து புதிய நிர்வாகம் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் 9 வகுப்புகளை அந்தப் பணம் தாங்கும்.

பசியாறலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை உபயமாக்குங்கள்: ஒரு சனிக்கிழமைக்கு ஒரு குடும்பம், பெயர்ப் பட்டியல் ஆலய அறிவிப்புப் பலகையில். 40 பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் 2 கிலோ கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஒரு கிண்ணம் தாராளமாக வரும். உபயதாரர் வராத வாரத்துக்கு மைலோவும் பிஸ்கட்டும் ஆலய அலமாரியில் இருக்கட்டும்.

ஆலயங்களில் அடிக்கடி நடப்பது ஒன்று: திருவிழா நெருங்கும்போது வகுப்புப் பணம் “கைமாற்றாக” எடுக்கப்படும், திரும்பி வராது. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் குறிப்பில் ஏற்றி, ஆலயத்தின் பெயரிலேயே இரண்டு கையெழுத்துள்ள தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். இதற்கென்று புதுச் சங்கம் வேண்டாம்; பதிவு இழுத்தடிக்கும், பதிவில்லாமல் வங்கிக் கணக்கும் கிடைக்காது. நன்கொடை ரசீதில் “வரிக்கழிவு உண்டு” என்று அச்சிடும் முன்பு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 44(6) பிரிவு ஒப்புதல் (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் அனுமதி) உங்கள் ஆலயத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரசீதில் அந்த வாசகத்தை நீக்குங்கள். கொடுத்தவர் அதை நம்பிக் கணக்குக் காட்டி மாட்டிக்கொள்வார்.

பாடத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. திருமுறை ஓதும் விழா நெருங்கினால், குரல் வளமுள்ள எட்டுப் பேரைத் தேற்றுவதே வகுப்பாகிவிடும், மற்ற 32 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். போட்டிப் பயிற்சியை வேறு நாளில் வைத்து, சனிக்கிழமையில் மாதத்துக்கு ஒரு பாட்டு என்று போங்கள்: முதல் வாரம் கேட்டு வாங்கிப் பாடுவது, இரண்டாம் வாரம் சீர் பிரித்துப் பொருள், மூன்றாம் வாரம் மனனம், நான்காம் வாரம் பாட்டோடு தொடர்புள்ள தலத்தின் கதை. ஆசிரியர் கிடைக்கவில்லையென்றால் மலேசிய இந்து சங்கத்தின் வட்டாரப் பேரவையைக் கேளுங்கள்.

பிற சமயப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளை தன் சமயம் அல்லாத வகுப்பில் உட்காரக் கூடாது என்று அதே 51-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது விதிப்படி 18 வயதுக்குக் கீழுள்ளவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோரோ பாதுகாவலரோதான். எனவே இந்துப் பிள்ளைகள் உட்பட எல்லாரிடமும் கையெழுத்திட்ட பாரம் வாங்குங்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டு “யார் வரவில்லை?” என்று கேட்கும் பழக்கம் வேண்டாம். பாரங்களைக் கோப்பில் அடுக்கி, ஒரு நகலை முதல் வகுப்புக்கு முன்பே தலைமையாசிரியையிடம் கொடுத்துவிடுங்கள்.