ஊரடங்குக் காலத்தில் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இறைநம்பிக்கை உதவியதா?

உதவியது. ஆனால் நிம்மதி தரும் என்று நினைத்து உட்கார்ந்தவனை அது முதலில் சங்கடப்படுத்தியது.

அணியும் ஆட்டமும் இல்லாத அந்த மாதங்களில் ஒரு பயிற்சியாளர் தன்னை எப்படி வளர்த்துக்கொண்டார், அதில் நம்பிக்கைக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கூடைப்பந்து அணி என் பொறுப்பு. கத்தோலிக்கன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று இரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. எங்களுக்கு ஏப்ரலும் மேயும்தான் அறுவடைக் காலம். காலையில் சம்மர் கேம்ப், மே மாதத்தில் பெரியகுளம், கோவை என்று பெரிய போட்டிகளைப் பார்க்கப் பையன்களைக் கூட்டிப் போவோம். அந்த வருடம் எல்லாம் போச்சு. தவக்காலத்தின் நடுவில் கோவிலும் மூடியாயிற்று. மாதா டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து ஞாயிறு பூசை பார்த்தோம்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஜெபமாலை, மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், யூடியூபில் பழைய மேட்ச். கொஞ்சம் பக்குவப்பட்டுவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஜூம் வந்தது.

இலவசக் கணக்கில் 40 நிமிடம் கிடைக்கும். அதற்குள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே கட்டுப்படுத்தும் டிரிபிளிங் பயிற்சி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயின்ட் கார்டு, பந்தை முழங்காலுக்குக் கீழேயே தட்டிக்கொண்டிருந்தான். பந்தும் சரியாக எழும்பவில்லை. மைதானத்தில் எப்படிக் கத்துவேனோ அப்படியே கத்தினேன். "கை செத்துப் போச்சாடா? சோறுதானே திங்கிற?" அதற்கு மேலும் இரண்டு வார்த்தை வந்தது, இங்கே எழுத முடியாது.

அவனுக்குப் பின்னால் ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அதுவரை அவரை நான் கவனிக்கவே இல்லை. நிமிர்ந்து போனைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "கீழ்வீட்டுல ஒடம்பு முடியாதவுக படுத்திருக்காக தம்பி. சத்தம் கேக்கக் கூடாதுன்னு சாக்கை விரிச்சுத் தட்டுறான்" என்றார். போனைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான். நாலாக மடித்த அரிசிச் சாக்கு. பந்து எப்படி எழும்பும்?

அந்தப் பக்கம் ஒன்பது சதுரங்களில் ஒன்பது வீடு. எல்லா வீட்டிலும் யாரோ கேட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "கிரவுண்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதினாறு வருடமாக மைதானத்தில் நான் பேசியதை வீட்டு மனிதர்கள் யாரும் கேட்டதில்லை. சுற்றுச்சுவருக்குள் எனக்கு ஒரு வாய், வெளியே ஒரு வாய்.

வழக்கமாக இப்படி ஒன்று உறுத்தினால், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முன்னால் போய், பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவேன். ஃபாதரிடம் "கோபப்பட்டேன்" என்று ஒரு சொல்லில் முடித்து, சொன்ன ஜெபத்தைச் சொல்லிவிட்டு வந்தால் கணக்கு சரி. அந்த வருடம் அந்த வழியும் அடைபட்டிருந்தது. குருவானவர் கிடைக்காவிட்டால் நேரே கடவுளிடம் பேசுங்கள், உண்மையைச் சொல்லுங்கள், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று போப் பிரான்சிஸ் மார்ச் 20 அன்று மறையுரையில் சொல்லியிருந்தார். சரி என்று உட்கார்ந்தேன். நேரே பேசினால் ஒரே சொல்லில் முடியவில்லை. உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிற மத்தேயு வசனம்தான் (5:23–24) திரும்பத் திரும்ப வந்தது. அதை ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன், வெட்கக்கேடு.

பெரிய வெள்ளி மதியம் அவன் அப்பா நம்பருக்குப் போன் செய்தேன். பையனிடம், "அன்னைக்கு அப்படிப் பேசியது தப்புடா" என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "பரவால்ல சார்" என்றான். பதினான்கு வயசுப் பையனிடம் மன்னிப்புக் கேட்பது, கேட்கிறவனைவிடக் கேட்கப்படுகிறவனுக்குத்தான் கஷ்டம் போல. பாட்டியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வெளியே போயிருப்பதாகச் சொன்னான். ஊரடங்கில் எங்கே போயிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தொழில் பக்கம் ஏதாவது படிக்க முடிந்தது. அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஜான் வுடன், ஆட்டம் இல்லாத மாதங்களில் ஏதாவது ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு துருவித் துருவிப் படிப்பார். ஆழ்ந்த பக்தியுள்ள மனிதர். பெஞ்சில் சுருட்டிய தாளோடு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து நான் ஃப்ரீ த்ரோவை எடுத்தேன், எதிரணி ஃபவுல் செய்தால் கூடைக்கு எறியக் கிடைக்கும் வாய்ப்பு அது. பீரோவிலிருந்து இரண்டு வருட ஸ்கோர் ஷீட்களை இறக்கினேன்.

ஸ்கோர் ஷீட்டில் தவறிய ஃப்ரீ த்ரோவுக்குத் தனிக் குறி கிடையாது. எதிரணிக்காரன் பெயருக்கு நேரே பி2 என்று, அதாவது நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ தந்த ஃபவுல் என்று, இருக்கும். புள்ளிகளை வரிசையாகக் குறிக்கும் ரன்னிங் ஸ்கோரில் நம் பக்கம் அந்தப் புள்ளி இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வேலை இல்லாதவனுக்கு ஏற்ற வேலை. எங்கள் பையன்கள் அதிகம் கோட்டைவிட்டது நாலாவது குவார்ட்டரில், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில். ஆட்டத்தை நிறுத்திப் பையன்களிடம் பேச நான் டைம் அவுட் எடுத்த நிமிடமும் ஷீட்டில் எழுதியிருக்கும். அந்த மேட்ச்களில் எல்லாம் நான் டைம் அவுட்களைக் கடைசிவரை சேர்த்துவைத்து அந்தக் குவார்ட்டரில்தான் கொட்டியிருந்தேன். டைம் அவுட்டில் நான் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியும். ரிங் 3.05 மீட்டர் உயரம், போர்டு 4.6 மீட்டர் தூரம், கையில் 5 விநாடி, யாரும் தடுக்க மாட்டார்கள். அதில் தவறுகிறான் என்றால் காதில் ஏதோ ஒலிக்கிறது. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை, என் சந்தேகம்தான். ஆனாலும் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

இந்த ஆட்டமே ஆட்கள் வீட்டுக்குள் அடைபட்டதால் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்எம்சிஏவின் பயிற்சிப் பள்ளியில், குளிரில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டினார். இறையியல் படித்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 55 வெற்றி, 60 தோல்வி; அங்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்த ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரேதான். அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில்தான் நான் படித்தேன். நூற்றாண்டு வந்த வருடம் பார்த்து வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன.

மற்றபடி அந்த மாதங்களில் பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. ஜூனிலிருந்து பாதிச் சம்பளம், அதில் ஜெபமும் பல நாள் விட்டுப்போனது.

2021 ஜனவரி 19-ல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். கேட்டில் வெப்பமானி பிடித்து நிற்கிற வேலை வழக்கம்போல பி.டி. சார் தலையில். அந்தப் பாயின்ட் கார்டு வந்தான், மாஸ்க்குக்கு மேலே அரும்பு மீசை எட்டிப் பார்த்தது. நெற்றிக்கு நேரே பிடித்தேன்.

"சார், பாட்டி கேக்கச் சொன்னாங்க."

"என்னடா?"

"இப்பவும் திட்றீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இனிமேதான் சார் பாக்கணும்னு சொன்னேன்."