பேஸ் கிடார் மந்தமாக ஒலிப்பது ஏன்? பெடல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். இரண்டு பிக்கப் கொண்ட, பேட்டரி இல்லாத, நான்கு தந்தி ஜாஸ் பேஸ் வகைக் கருவி என்னுடையது. ஆம்ப் இல்லாததால் கேபிளை நேராக ஆலயத்தின் மிக்சரில் செருகுகிறேன். ஓசை கனமாக வருகிறதே தவிர, எந்தச் சுரம் என்று பாடுபவர்களுக்குப் புரிவதில்லை. குன்னூரில் இருக்கும் நண்பரின் கம்ப்ரெஸர் பெடலை இடையில் இணைத்துப் பார்த்தேன். அதை அணைத்து வைத்திருந்தபோதுகூடத் தெளிவு கூடியது. பெடல்கள் வாங்கினால் போதும் என்கிறார் அவர். நல்ல மரத்தில் செய்த வேறு கருவி வேண்டும் என்கிறார் கோவையில் ஒரு கடைக்காரர். மழைக்காலத்தில் தந்திகள் எழும்பி, அழுத்தவே கடினமாகிவிடுகிறது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எதில் செலவிடலாம்?

பதில்: அணைத்து வைத்த பெடலே ஓசையைத் தெளிவாக்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் விடை இருக்கிறது. கம்ப்ரெஸர் வேலையே செய்யாத நிலையில் மாற்றம் தெரிந்ததென்றால், குறை மரத்திலும் இல்லை, பெடல் இல்லாததிலும் இல்லை. கருவியும் மிக்சரும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பி. அதன் மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. சுருளின் இயல்பு, அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டத்தைத் தடுப்பது. ஆகவே பேட்டரி இல்லாத பேஸின் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் கருவி மிக உயர்ந்த உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) கொண்டதாக, வழக்கமாக 1 மெகா ஓம் அளவில், இருக்க வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். கீபோர்டுக்கு அது தாராளமாகப் போதும், உங்கள் பிக்கப்புக்குப் போதாது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி அங்கேயே தேய்ந்துவிடும், அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். நண்பரின் பெடலில் பஃபர் என்னும் சிறு சுற்று இருந்திருக்க வேண்டும். பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. அணைத்திருந்தாலும் அது சமிக்ஞையை உயர்ந்த இம்பீடன்ஸில் வாங்கி, தாழ்ந்த இம்பீடன்ஸில் மிக்சருக்குக் கொடுக்கும். அணைத்ததும் சமிக்ஞையைச் சுற்று எதற்குள்ளும் விடாமல் நேராகக் கடத்தும் ட்ரூ பைபாஸ் வகைப் பெடலாக இருந்திருந்தால் அணைத்த நிலையில் எந்த மாற்றத்தையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

தேய்ந்துபோகும் அந்தப் பகுதிதான் சுரத்தை அடையாளம் காட்டுவது. தடித்த ஈ தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ்; அதன் மேலே 82, 124, 165 என்று பல நூறு ஹெர்ட்ஸையும் தாண்டி மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. காது சுரத்தைப் பெருமளவு இவற்றிலிருந்தே கண்டுகொள்கிறது. அடிச்சுரத்தை ஒலிக்கவே முடியாத சின்ன ஸ்பீக்கரில்கூட பேஸ் எந்தச் சுரத்தில் போகிறது என்று நாம் உணர்வது மேற்சுரங்களை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்வதால்தான். தம்புராவின் பிரிட்ஜில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல் சரியான இடத்தில் இல்லாவிட்டால், தந்தி அதே சுருதியில் இருந்தும் நாதம் செத்துக் கிடக்குமே, உங்கள் மிக்சரில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான்.

ஆகவே முதல் செலவு ஒரு டி.ஐ. பாக்ஸ்; கருவியின் சமிக்ஞையை உயர்ந்த இம்பீடன்ஸில் வாங்கி, தாழ்ந்த இம்பீடன்ஸில் மிக்சருக்குக் கொடுக்கும் சிறு பெட்டி அது. அதற்கும் முன்னால், ஆலய மிக்சரில் ஏதாவது ஒரு சேனலில் ஹை-இஸட் (உயர்ந்த இம்பீடன்ஸ்) என்று குறித்த பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்தி அந்தச் சேனலில் செருகினாலே பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆக்டிவ் டி.ஐ. வாங்குங்கள். அது பேட்டரியிலோ மிக்சர் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்திலோ இயங்கும். அதை உங்கள் காலடியில் வைத்து, கருவியிலிருந்து அதுவரை மூன்று மீட்டர் கேபிள் போட்டு, அங்கிருந்து மிக்சருக்கு மைக் கேபிள் இழுங்கள். கிடார் கேபிள் நீண்டால் அதன் மின்தேக்கமும் கூடி மேற்சுரங்களை இன்னும் மழுக்கும். மைக் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை, வழியில் ஒட்டும் இரைச்சலும் குறையும்.

இனி கருவி. 1951-இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப்தான்; 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு. பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப் மேற்சுரங்களையும், கழுத்துப் பக்கம் உள்ளது அடிச்சுரத்தையும் அதிகமாகப் பிடிக்கும், ஏனென்றால் தந்தி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது. இரண்டையும் சம அளவில் திறந்தால் நடு அதிர்வெண்கள் சற்றுக் குழிந்து ஓசை இனிமையாகும். ஆனால் பாடகர் குழுவோடு வாசிக்கும்போது தெளிவைத் தருவதே அந்த நடுப்பகுதிதான். கழுத்துப் பிக்கப்பை முழுதும் திறந்து, பிரிட்ஜ் பிக்கப்பை முக்கால் அளவில் வைத்துக் கேளுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜாஸ் பேஸின் இரு பிக்கப்களும் சம அளவில் திறந்திருக்கும்போதுதான், மின்சாரத்திலிருந்து அவை பிடிக்கும் ‘ம்ம்’ என்ற இரைச்சலான ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம் இருக்கும் இடத்தில் அந்தச் சுரத்தை நீட்டி ஒலிக்கவிட்டால் இரண்டும் உரசி மெதுவாக ஆடுவதைக் கேட்கலாம். கருவி சுருதி விலகிவிட்டது என்று பலர் தவறாக நினைப்பது இந்த ஆட்டத்தைத்தான்.

தந்தி மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறியது, பலன் பெரியது. மலைப்பனியில் வியர்வையும் ஈரமும் உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தியின் சுற்றுகளுக்கிடையே தங்கி, ஓசையை விரைவில் மங்கவைக்கும். நிக்கல் ரவுண்ட்வவுண்ட் தந்திகளைப் போட்டு, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் இருண்ட, கனிந்த ஒலி தருபவை. மோடவுன் இசைப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸின் குணத்தில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும் உங்கள் கூடத்துக்கு இப்போது அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விரல் மீட்டும் இடத்தையும் கவனியுங்கள்: கழுத்தின் முனையருகே மீட்டுவதிலிருந்து பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் மீட்டுவதற்கு நகர்ந்தால் வரும் மாற்றத்தைப் பல பெடல்களாலும் தர முடியாது.

மரத்தைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. உள்ளீடற்ற வயிறு கொண்ட வீணையிலும் அக்கூஸ்டிக் கிடாரிலும் மரமே ஒலிக்கிறது. கட்டையான உடல் கொண்ட மின் பேஸில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். உடல் மரம் எடையையும் தோளில் அமரும் சமநிலையையும் தீர்மானிக்கும், ஒலியில் அதன் பங்கு பிக்கப்பையும் தந்தியையும் விட மிகக் குறைவு. கழுத்தின் விறைப்பு வேறு விஷயம். ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழு வரையுள்ள ஃப்ரெட்களில் ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கிவிடுவதை உங்கள் கருவியிலும் கேட்கலாம். அந்த அதிர்வெண்ணில் கழுத்தும் சேர்ந்து ஆடி, தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. விலை உயர்ந்த கருவிகளிலும் இது உண்டு. தந்தி நீளம் 34 அங்குலம் உள்ள கருவியை விட்டு 30 அங்குலக் குட்டைக் கருவிக்கு மாறினால் தந்தியின் இழுவிசை குறைந்து ஓசை இன்னும் உருண்டையாகும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

மழைக்காலத்தில் தந்திகள் எழும்புவதற்குக் காரணம் கழுத்து மரம் ஈரத்தை உண்பது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பெரிது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஈரம் ஏறி, ஜனவரியின் உறைபனி நாட்களில் காற்று உலரும்போது மரம் சுருங்குகிறது. அப்போது விரல்பலகையின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். விரல்பலகை பெரும்பாலும் ஈட்டி மரம், கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் வளரும் அதே மரம்; உறுதியானதுதான், ஆனால் ஈரத்துக்கு அதுவும் விலக்கல்ல. அளந்து பார்ப்பது எளிது. ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தொட்டும் தொடாமலும் நுழையும் இடைவெளி, போதும். கூடுதலாக இருந்தால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருகி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். முறுக்க மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கருவியைச் சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியில் வைப்பது நல்லது. ஈரமான வெளிச்சுவர் ஓரத்தில் பெட்டியைச் சாய்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் பெடலுக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்ப்ரெஸர் உரத்த ஒலியை அடக்கி, மெல்லியதை மேலே கொண்டுவருகிறது. 4:1 என்று வைத்தால், நீங்கள் குறித்த எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபெலுக்கும் 1 டெசிபெல்தான் வெளியே வரும். சுரங்கள் சமமாகும், உண்மை. ஃப்ரெட் உரசலும் ஹம்மும் விரல் சத்தமும் கூடவே மேலெழும். இணைப்பும் தந்தியும் கழுத்தும் சரியான பிறகு வாங்கத் தக்க முதல் பெடல் இதுவே. அட்டாக்கை (கம்ப்ரெஸர் அடக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை) 20 முதல் 30 மில்லிசெகண்ட் வரை மெதுவாக வைத்தால் விரல் தந்தியில் விழும் முதல் அடி உயிரோடு தப்பும். அதிவேகமாக வைத்தால் அதையும் நசுக்கிவிடும்.

ஓவர்டிரைவ் இல்லாததைப் புதிதாக உண்டாக்கும் பெடல். அலையின் உச்சியை வெட்டி, மூலத்தில் இல்லாத மேற்சுரங்களைச் சேர்க்கிறது. மிதமாக வைத்தால் அது டிஸ்டார்ஷனாகக் கேட்காமல், பாடலுக்கிடையே பேஸ் தெளிவாக நடப்பதாக மட்டும் கேட்கும். கிடாருக்கென்று செய்ததை வாங்காதீர்கள். எடுத்துக்காட்டாக, டியூப் ஸ்க்ரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, பேஸின் உடம்பே அதற்குக் கீழேதான். தூய ஒலியைக் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள பேஸ் ஓவர்டிரைவைத் தேடுங்கள். கோரஸ், ஆக்டேவர் போன்றவை இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

கூடத்தையும் மறக்கக் கூடாது. ஈ தந்தியின் அலை நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல். கற்சுவர் கொண்ட ஆலயத்தில் அது சுவரில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். மிக்சரின் பேஸ் குமிழைக் கூட்டுவது குவியும் இடத்தில் இன்னும் கூட்டுவதாகத்தான் முடியும். மாறாக 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையில் சற்றுக் குறைத்து, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையில் சற்று ஏற்றி, பாடுபவர்கள் நிற்கும் இடத்துக்கே நடந்து போய்க் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் ஓர் அடி வெளியே இழுத்தாலும் வேறுபாடு தெரியும்.

பெடல் வாங்கும் நாளில் மின்சாரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். பெரும்பாலான பெடல்கள் நடுமுனை எதிர்மின் கொண்ட 9 வோல்ட் அடாப்டர் கேட்பவை. வீட்டு ரவுட்டரின் அடாப்டரைச் செருகினால் துருவம் மாறிப் பெடல் கெடக்கூடும். கெடாவிட்டாலும் கீச்சென்ற இரைச்சல் வரும். கருவியிலிருந்து ட்யூனர், பின் கம்ப்ரெஸர், அதன் பின் ஓவர்டிரைவ், கடைசியில் டி.ஐ. என்ற வரிசையில் இணையுங்கள். மிக்சரும் உங்கள் அடாப்டரும் வெவ்வேறு சுவர் சாக்கெட்டுகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஹம் வந்தால், டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். உலோகத் தந்தியைத் தொட்டுக்கொண்டு, மைக்கின் முன் ஈரத் தரையில் நிற்பவர் நீங்கள்.