பல் பிடுங்கப் போகும் நனிசைவருக்கு

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். ஒரு வருஷமாக நனிசைவம் (வீகன்), அதாவது பால், முட்டை, தேன் எதுவும் தொடுவதில்லை. தூக்கம் வராமல் இருக்க சூயிங்கமும் எனர்ஜி டிரிங்கும் எடுத்துக்கொள்கிறேன். பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா? டூத்பேஸ்டில் எலும்புத்தூள் இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னதால் அதை விட்டுவிட்டுப் பல்பொடிக்கு மாறினேன். இப்போது கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, அந்தக் குழியில் எலும்புத்தூள் வைக்க வேண்டும் என்று வேலூர் பல் டாக்டர் சொல்கிறார். கொஞ்ச நாளாக நாக்கும் எரிகிறது. சோயா பால் காபி வேறு திரிந்துபோகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: நாக்கு எரிச்சலிலிருந்து தொடங்குவோம். பால், முட்டை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. வைட்டமின் பி12 மாத்திரை எடுப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. பி12 குறைந்தால் நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரியும், வாய்ப்புண் வரும், பிறகு கால் விரல்கள் மரத்துப்போகும். உடம்புக்குப் பயன்படும் பி12 செடி கொடிகளில் நம்பும்படி கிடைப்பதில்லை. மாத்திரையில் இருப்பது பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, அதனால் கொள்கைக்கு இடைஞ்சல் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்பே ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். சரியாக இருந்தால் தினம் 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் 2000 மைக்ரோகிராம் போதும். முடிவைப் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். பயம் தெரியாமல் இருக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுப்பதாக இருந்தால், அந்த வாயு உடம்பில் உள்ள பி12-ஐச் செயலிழக்க வைக்கும். குறைவு உள்ளவருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது பல். சூயிங்கத்தில் இருக்கும் துளி மெழுகைவிட, பல் பிடுங்கும் நாற்காலியில்தான் விலங்குப் பொருள் நேராக உடம்புக்குள் போகிறது. இதை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. குழியில் வைக்கும் எலும்புத்தூள் பல வகை: மாட்டு எலும்பைச் சுத்திகரித்தது, பன்றி எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, முழுக்கச் செயற்கையாகச் செய்தது. செயற்கையில் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்சிஅபடைட் என்ற பெயர்களைக் கேளுங்கள். இதில் ஹைட்ராக்சிஅபடைட் மாட்டு எலும்பிலிருந்தும் வரும் என்பதால் 'சிந்தெடிக்' என்று டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். தூள் மேல் மூடும் சவ்வு பெரும்பாலும் கொலாஜன், அதாவது மாடு அல்லது பன்றி. பதிலுக்கு பி.டி.எஃப்.இ. என்ற செயற்கைச் சவ்வு உண்டு. சில வாரம் கழித்து அதை எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, உறையும் பகுதியைக் குழியில் வைக்கும் பி.ஆர்.எஃப். முறையும் இப்போது பல இடங்களில் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, தூள் அவசியமா என்பது. அந்த இடத்தில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கும் எண்ணம் இல்லையென்றால் பல சமயம் குழி தானாகவே ஆறிவிடும்.

தையல் நூலிலும் கவனம் வேண்டும். பல் மருத்துவத்தில் அதிகம் புழங்கும் கறுப்பு நூல் பட்டுப்பூச்சியின் பட்டு. கேட்கட் என்பது ஆடு மாடுகளின் குடல். நைலானோ, தானாகக் கரையும் பாலிகிளாக்டினோ போடச் சொல்லுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் வைக்கும் பஞ்சு ஜெலட்டினாக இருக்கலாம். தாவர நாரிலிருந்து வரும் ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ் அதற்கு மாற்று. இவற்றை ஒரு வாரம் முன்பே சொன்னால்தான் டாக்டர் வரவழைத்து வைப்பார். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கேட்டால் கையில் இருப்பதைத்தான் போடுவார். ஆன்டிபயாடிக் கேப்சூலின் உறை பொதுவாக ஜெலட்டின். அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் கேப்சூலையே முழுக் கணக்குக்கும் சாப்பிடுங்கள். 'இயன்ற அளவு' என்பது வீகன் கொள்கையின் வரையறையிலேயே இருக்கிறது. பாதியில் மருந்தை நிறுத்திச் சீழ் பிடிக்க விடுவதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

டூத்பேஸ்ட் பற்றி நண்பர்கள் சொன்னது சரியில்லை. அதில் உள்ள வெள்ளைப் பொடி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அல்லது சிலிக்கா. சந்தேகப்பட வேண்டியது கிளிசரின்தான். அது தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். டியூபில் 'வெஜிடபிள் கிளிசரின்' என்றோ வீகன் முத்திரையோ இருந்தால் தொல்லை இல்லை. பல் கூச்சத்துக்கு எழுதித் தரும் சில கிரீம்களில் சி.பி.பி.-ஏ.சி.பி. என்று இருக்கும். அது பால் புரதம்.

நீங்கள் மாறிய பல்பொடியில்தான் ஆபத்து அதிகம். மூலிகைப் பல்பொடிகள் சிலவற்றில் கடல் நுரை சேர்க்கிறார்கள். சமுத்திரபேன் என்றும் அச்சிட்டிருக்கும். கணவாய் மீனின் உள் ஓடுதான் அது. சங்கு பற்பம், பவளப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் எல்லாமே கடல் உயிர்கள். செங்காவி கலந்த பொடி பல்லைத் தேய்த்தே கரைத்துவிடும். இவற்றில் பெரும்பாலும் ஃபுளோரைடும் கிடையாது. சொத்தைப் பல் உள்ள உங்களுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் கட்டாயம் வேண்டும். நம் நாட்டில் 1000 பி.பி.எம். வரை அனுமதி. அதை ஒட்டிய அளவு உள்ளதாக வாங்கி, பட்டாணி அளவு வைத்து இரண்டு நிமிஷம் தேய்த்துத் துப்புங்கள். உடனே தண்ணீரால் கொப்பளித்துக் கழுவிவிடாதீர்கள். பிரஷ் நைலானாக இருக்கட்டும். 'இயற்கை முடி' என்று விற்பது பன்றி முடி. பல் இடுக்கு நூலில் பட்டும் உண்டு, தேன்மெழுகு பூசிய நைலானும் உண்டு.

பச்சைப் புள்ளி போதாது. நம் சட்டத்தில் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு நான்கும் இருந்தாலும் பச்சைப் புள்ளி போடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-இல் கொண்டுவந்த வீகன் முத்திரை வேறு. பச்சைக் கட்டத்துக்குள் 'வி' எழுத்தும் அதன்மேல் சின்ன இலையும் இருக்கும். அது இல்லாத சூயிங்கத்தில், உறையில் சேர்பொருள் பட்டியலில் உள்ள எண்களைப் பாருங்கள்: 901 தேன்மெழுகு, 904 அரக்கு, 913 ஆட்டு ரோமக் கொழுப்பு, 120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. 422, 471, 570 தாவரம், விலங்கு என இரு வழியிலும் வரக்கூடியவை, கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுத்தான் தெளிய முடியும். 'கம் பேஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள் அடங்கிவிடும். முன்பு அது சப்போட்டா மரத்துப் பால், இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர். சர்க்கரை இல்லாத கம்மை, அதிலும் சைலிடால் என்ற இனிப்பு உள்ளதை, சாப்பிட்ட பின் இருபது நிமிஷம் மெல்லுங்கள். எச்சில் ஊறிப் பல்லைக் காக்கும். இரவு முழுக்க மென்றால் தாடை வலிக்கும், வயிறும் இளகும். பல் பிடுங்கிய காயம் ஆறும்வரை கம் வேண்டாம்.

எனர்ஜி டிரிங்கில் உள்ள கஃபீனும், ஆலையில் செய்யும் டாரினும் நனிசைவம்தான். நிறத்தையும் வைட்டமின் டி3-ஐயும் மட்டும் பாருங்கள், டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வரும். கெடுதல் அமிலத்திலும் சர்க்கரையிலும் இருக்கிறது. 250 மி.லி. டின்னில் சுமார் 27 கிராம் சர்க்கரை, 75 மில்லிகிராம் கஃபீன். அதை ராத்திரி முழுக்க வாய் வாயாகக் குடித்தால் ஒவ்வொரு வாய்க்கும் பல் எனாமல் மறுபடி கரையத் தொடங்கும். குடிப்பதானால் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரில் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் பல் துலக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறதென்றால் ஒரு மணிக்கு மேல் கஃபீன் வேண்டாம், பகல் தூக்கம் கெடும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 400 மில்லிகிராமுக்குள் நிறுத்துங்கள்.

எங்களைக் கேட்டால் பால் சேர்க்காத டீயும் காபியும் டின்னைவிட எவ்வளவோ மேல். டீயை மட்டும் களி, கீரைக் கடைசலோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீத்தூளில் ஃபுளோரைடும் உண்டு. வீட்டில் போர் தண்ணீர்தான் என்றால், குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு முறை பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் கட்டி டீ போட்டு நாளெல்லாம் குடிப்பது பல்லுக்கும் எலும்புக்கும் கேடு.

சோயா காபி திரிவதற்குக் காரணம் டிகாக்ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைக் கட்டியாக்குவது. சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலைக் கசக்கி எடுங்கள். 100 கிராமுக்கு 700 மி.லி. வெந்நீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை குறையும். வடிகட்டிப் பதினைந்து நிமிஷம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கலக்கும்போது பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் விடுங்கள். அரை லிட்டர் பாலுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் பாதுகாப்பு. மல்லாட்டை (நிலக்கடலை) பாலும் இதே மாதிரிதான், ஊற ஆறு மணி நேரம் போதும். ஆனால் எண்ணெய் மேலே மிதக்கும், குடிக்குமுன் குலுக்க வேண்டும். கடையில் 'நான்-டைரி' என்று விற்கும் பொடியில் சோடியம் கேசினேட் இருந்தால் அதுவும் பால்தான். ஷிஃப்ட்டுக்குக் கொண்டுபோகும்போது பாலையும் டிகாக்ஷனையும் தனித்தனி ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போய்க் குடிக்கும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள். வீட்டிலேயே கலந்துவிட்டால் சிப்காட் போய்ச் சேர்வதற்குள் அடியில் திப்பி தங்கிவிடும்.