வெப்பமண்டல நாட்டுக்கு ஐந்து நாள் பயணம்: கைப்பை மட்டும் போதுமா?

தாராளமாகப் போதும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாட்டுக்கு ஐந்து நாள் போகிறேன், செக்-இன் பெட்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்நாடு என்றால்தான் நான் யோசித்திருப்பேன்.

எத்தனை உடுப்பு வேண்டும் என்ற கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில், இரவு அலசிப் போட்டால் காலையில் காய்கிற துணியா என்று பாருங்கள். வெயில் ஊர்தானே, சட்டென்று காய்ந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் துணியின் ஈரம் லேசில் போகாது. தடித்த பருத்தித் துணி தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். எடையும் அரைக் கிலோவுக்கு மேல். பாலியஸ்டர், நைலான் கலந்த மெல்லிய துணிகள் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை நாற்றம் பிடிக்கும். மெல்லிய மெரினோ கம்பளி டிஷர்ட்டில் அந்தத் தொல்லை குறைவு. வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்க வேண்டாம், விலைதான் சிரிக்க விடாது.

துவைத்ததைப் பிழிந்து, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி நன்றாக அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு குளியலறையில் மாட்டாமல், ஏசி ஓடும் அறையிலேயே தொங்கவிடுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். ஏசி இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே.

இப்படித் துவைத்துக்கொள்ள முடிந்தால், போட்டுக்கொண்டு போவது போக மேலுக்கு இரண்டு, கீழுக்கு ஒன்று, உள்ளாடை மூன்று. இவற்றில் ஒன்று வெளிர் நிறத்தில் மெல்லிய முழுக்கைச் சட்டையாக இருக்கட்டும். வெயில், கொசு, விமானத்திலும் பேருந்திலும் விறைக்க வைக்கும் ஏசி, தோளும் கையும் மூடி வரச் சொல்லும் வழிபாட்டு இடங்கள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும் என்பதால் பகலிலும் அது வேண்டும்.

அந்தச் சட்டையால் இன்னொரு லாபமும் உண்டு. உடம்பு முழுக்க சன்ஸ்க்ரீன் பூச ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். கைப்பையில் திரவப் பொருள் எதுவும் 100 மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது என்பதுதான் பெரும்பாலான விமான நிலையங்களின் விதி. ஆக, ஒரு பாட்டில் மூன்று தடவைக்குத்தான் வரும். கை, கழுத்து, முதுகைத் துணியே மூடிவிட்டால் முகத்துக்கும் புறங்கைக்கும் பூச அந்த ஒரு பாட்டிலே தாராளம். கடலில் இறங்குவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள்: பவளப்பாறைகளுக்குக் கெடுதல் என்று, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்க்ரீன்களைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020-இல் தடை செய்தது, தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை. கொசு விரட்டியும் பூசுவதென்றால் சன்ஸ்க்ரீன் முதலில், விரட்டி அதற்கு மேலே.

ஷாம்பு கட்டியாகவே கிடைக்கிறது. திரவக் கணக்கில் வராது. ரெயின்கோட் வேண்டாம், உள்ளே வியர்த்து நனைந்துவிடுவீர்கள். மடக்குக் குடை போதும். கனமான காலணியைப் போட்டுக்கொண்டு போங்கள், வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பைகள். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் வர வேண்டும்; 100 வாட்-மணிக்குள் (Wh), அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை, பொதுவாகத் தனி அனுமதி கேட்பதில்லை. மருந்துகளை அட்டையோடும் சீட்டோடும் வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடா என்று இப்போதே பாருங்கள், ஏனென்றால் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

நிறைய விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பையே இரண்டு கிலோ இருந்தால் வேறு பை தேடுங்கள்.

கைக்குழந்தை கூட வருகிறதென்றால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பேசாமல் பெட்டி போட்டுவிடுங்கள்.