வாழ்த்து மடல் எழுத மாட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஐரோலியில் இருக்கிறேன். எங்கள் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து வாட்ஸப் குழு ஆரம்பித்திருக்கிறோம். பழைய கதை பேசிப் பேசி ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது. எங்கள் கணக்கு சாரையும் கண்டுபிடித்துவிட்டோம். எண்பது வயதாகிறது, மகனோடு முலுண்டில் இருக்கிறார். அவர் கைப் பிரம்பால்தான் நாங்கள் எல்லாரும் ஆளானோம். இப்போது சட்டம் போட்டு வாத்தியார் கையைக் கட்டிவிட்டார்கள், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். சாருக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு விழா நடத்தப்போகிறோம். ஃபிரேம் போட்டுக் கொடுக்க நீங்கள் ஒரு வாழ்த்து மடல் எழுதித் தர வேண்டும். ஹால் மாட்டுங்காவில் பிடிப்பதா, முலுண்டில் பிடிப்பதா என்று வேறு சண்டை நடக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கிடைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் தேடிப் பார்த்து விட்டுவிட்டோம். கிடைத்தவர்களிலும் ஒருத்தன், சார் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான். நன்றி கெட்டவன் என்று குழுவில் எல்லாரும் திட்டுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கே., ஐரோலி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். தாராவியில் எங்கள் வீட்டில் இப்போது என் தம்பி குடும்பம்தான் இருக்கிறது. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள், வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்ட எந்தத் தாள் கிடைத்தாலும் எடுத்து வை என்று அவன் போன் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கரண்ட் பில், ரேஷன் கார்டு இவற்றுக்கு நடுவில் என்னுடைய எல்சி, அதாவது பள்ளியை விட்டுப் போகும்போது கொடுக்கிற சான்றிதழ், உயர்நிலைப் பள்ளியில் கொடுத்தது, நாலாக மடிந்து கிடந்தது. அதில் என் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் உனக்குப் பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாழ்த்து மடல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

முதலில் சில்லறை விஷயங்கள். ஹால் எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் பிடித்தால் சாப்பாடு நன்றாக இருக்கும், முலுண்டில் பிடித்தால் சாருக்குப் படியேறும் கஷ்டம் குறையும், அவ்வளவுதான். சட்டம் கையைக் கட்டிவிட்டது என்கிறாய். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாது என்று சொல்கிறது. பாடம் நடத்தக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் கிடையாது.

பிரம்பால்தான் ஆளானோம் என்று எழுதியிருக்கிறாயே, அப்படிச் சொல்வது யார்? ஆளானவர்கள்தானே! பிரம்புக்குப் பயந்து ஐந்தாவதோடு காணாமல் போனவன் உன் குழுவுக்கு வந்து சாட்சி சொல்லவா போகிறான்? கடைசியில் ஒரே ஒருத்தன் சாட்சி சொன்னான், போனை வைத்தே சொன்னான், அவனை நீங்கள் எல்லாரும் சேர்ந்து நன்றி கெட்டவன் ஆக்கிவிட்டீர்கள். வெட்கமாக இல்லையா? நாற்பது வருஷம் கழித்தும் ஒரு பெயரைக் கேட்டதும் ஒருத்தனுக்குக் கை நடுங்குகிறது என்றால், அவனிடம் போய், ‘என்னடா ஆச்சு?’ என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? அவனைக் குழுவில் சேர்ப்பது அப்புறம். முதலில் நீ தனியாகப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. விழாவைப் பற்றிப் பேசாதே.

கணக்கு சாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. முனிசிபல் கட்டடத்தில் கீழே உருது, மேலே மராத்தி, நடுத் தளத்தில் நாம், காலையில் ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட் என்று, ஒரு பெஞ்சுக்கு நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பின்னம் சொல்லிக்கொடுத்த மனுஷர். எண்பது வயதில் ஒரு சால்வை போர்த்தினால் குறைந்துபோய்விடாது. போர்த்துங்கள். ‘பிரம்பெடுத்து எம்மைச் சிற்பமாய்ச் செதுக்கிய செம்மலே’ என்று என்னை எழுதச் சொல்லாதே, அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது, பாதிப் பேருக்கு மேல் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம் என்று போகிற போக்கில் நீ எழுதிய வரிதான். எந்தப் பெயரை வைத்துத் தேடினாய்? ஏழாவது ரிஜிஸ்டரில் இருந்த பெயரைத்தானே? அந்தப் பெயரில் எப்படிக் கிடைப்பார்கள்?

நம் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடம் அப்போது ஏழாவதோடு முடிந்துவிடும். எட்டாவதுக்கு ஒன்று இங்கிலீஷ் மீடியம் போக வேண்டும், இல்லை மராத்தி அல்லது இந்தி. நாலாவதிலும் ஏழாவதிலும் ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதிப் பாஸான பிள்ளைக்கே எட்டாவதில் நுழைவது கஷ்டம் என்றால் மற்றப் பிள்ளைகள் கதையை யோசி. நிறையப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பையன்கள் தோல் பட்டறைக்கோ இட்லி வியாபாரத்துக்கோ போனார்கள். பெண் பிள்ளைகள் அப்பளம் உருட்ட உட்கார்ந்தார்கள், ரெண்டு மூன்று வருஷத்தில் ஊரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. தாண்டிப் போனவர்களுக்கு வேறு ஒரு கூத்து நடந்தது. எட்டாவது அட்மிஷனுக்குப் போனால் கிளார்க் தலையை நிமிர்த்தாமல், ‘ஆட்நாவ் காய்?’ என்பார். குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கும், கிராமத்துச் சாமி பெயர் இருக்கும், அதோடு சரி. ஃபாரத்தில் மூன்று கட்டம். முதல் கட்டம் குடும்பப் பெயர், அது காலியாக இருந்தால் ஃபாரத்தை வாங்க மாட்டார்கள். கூட வந்த அப்பாவோ மாமாவோ மராத்தி தெரியாமல் விழிப்பார். ‘ஜாத் காய்?’, என்ன சாதி, என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத் தெரியும், சொல்லிவிடுவார். அதுதான் முதல் கட்டத்தில் ஏறும். ‘சு. பேச்சியம்மாள்’ என்று ஏழு வருஷம் கூப்பிடப்பட்ட பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் ‘நாடார் பேச்சியம்மாள் சுடலைமுத்து’ ஆகி வீட்டுக்கு வருவாள். சிலர் தேவர் ஆனார்கள். சேரிப் பிள்ளைகள் சிலருக்கு ‘ஹரிஜன்’ என்றே எழுதிவிட்டார்கள். அது பத்தாவது மார்க் ஷீட்டில் ஏறி, அங்கிருந்து ரேஷன் கார்டு, பான் கார்டு, பாஸ்போர்ட், பிள்ளைகளின் பெயர் வரைக்கும் போயிற்று. ஊரில் பாட்டன் விட்டு ஓடிவந்த சாதி இங்கே பெயரோடு வந்து ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு பெயரைச் சுமக்கிறவன் ஃபேஸ்புக்கில் என்ன பெயர் வைத்திருப்பான் என்று நினைக்கிறாய்? ‘ராஜ்’ என்று வைத்திருப்பான். மும்பையில் எத்தனை ராஜ்!

என் எல்சியில் அப்படி இல்லை. அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தாத்தா பெயர் இருக்கிறது. அதற்குக் காரணம் எங்கள் டீச்சர்.

டீச்சர் நாலாவதிலிருந்து எங்களோடு வந்தவர். மகாராஷ்டிரத்தில் நாலாவது வரலாற்றுப் புத்தகம் முழுக்கச் சிவாஜி மகாராஜாதான், உனக்கும் ஞாபகம் இருக்கும். தோரணா, ராய்கட், பிரதாப்கட் என்று அவருடைய கோட்டைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் படித்து, சிவாஜி பிஜப்பூர்த் தளபதி அஃப்சல்கானைக் கொன்ற கதை வரும்போது வகுப்பே மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருக்கும். ஒருத்தன் எழுந்து, ‘இவரு நம்ம ஊருக்கு வந்திருக்காரா டீச்சர்?’ என்று கேட்டான். டீச்சர் போர்டில் ஒரு கோடு இழுத்து, மேலே ராய்கட், கீழே செஞ்சி என்று எழுதினார். 1677-ல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதையை அன்றைக்கு முழுக்கச் சொன்னார். அது பரீட்சைக்கு வராது. மறுநாள் சாயங்காலம் எங்களைத் தாராவியிலேயே இருக்கிற காலா கில்லா என்ற பழைய கோட்டைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். தினமும் தண்ணீர்க் குடத்தோடு தாண்டிப்போகிற இடிந்த சுவர். அதன் கல்வெட்டில் 1737 என்று இருந்ததை விரலால் தடவிக் காட்டி, இது சிவாஜி கட்டியது இல்லை, வெள்ளைக்காரன் கட்டியது என்றார். எங்களுக்கு ஒரே ஏமாற்றம்.

ஏழாவது ரிசல்ட் ஏப்ரல் கடைசியில் வந்ததும் மற்ற வகுப்பில் எல்லாம் எல்சியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டீச்சர் கொடுக்கவில்லை. அப்பாவோ அம்மாவோ வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். யாரும் வரவில்லை, ஊருக்குப் போகிற அவசரம். அதனால் அவரே கிளம்பினார். குடையைத் தடி மாதிரி ஊன்றிக்கொண்டு, சாக்கடைப் பலகைகள் மேல் கால் வைத்து, ஒவ்வொரு சந்தாக வந்தார். எங்கள் வீட்டில் அப்பா, பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் டீச்சர், எழுதப் படிக்கத் தெரிகிறது என்றார். டீச்சர் தர்க்கம் பண்ணவே இல்லை. ‘சரிங்க. நீங்களே வந்து கையெழுத்துப் போட்டுட்டு எல்சிய வாங்கிக்குங்க. இனிமே படிக்க வைக்கலன்னு அதுல ஒரு வரி உங்க கையால எழுதிக் குடுக்கணும்’ என்றார். அப்படி ஒரு விதியே கிடையாது. அப்பாவுக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும், வரி எழுத வராது. டீச்சருக்கும் அது தெரியும். அப்பா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தபடி நின்றுவிட்டு, ‘எட்டாவதுக்கு எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், நல்ல மழை. எங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கிளார்க் மேஜை முன்னால் நின்றார். அது எந்தப் பள்ளி, எந்தக் கிளார்க் என்பதெல்லாம் வேண்டாம், எல்லா மேஜையிலும் அப்படித்தான் நடந்தது. ‘ஆட்நாவ் காய்?’ டீச்சர் மராத்தியிலேயே, இவர்களுக்கு ஆட்நாவ் கிடையாது, தாத்தா பெயரைப் போடுங்கள் என்றார். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாத்தா பெயர் எப்படி ஆட்நாவ் ஆகும் என்று கேட்டார். டீச்சர், ‘பேத்திக்குத் தாத்தா ஆகாதா?’ என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மராத்தி அம்மா சிரித்துவிட்டார். அதற்கப்புறம் கிளார்க் ஒன்றும் பேசாமல் எழுதினார். எனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்குத் தாத்தா பெயர் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. டீச்சர் சட்டென்று, ‘முத்தையா’ன்னு எழுதுங்க என்றார். அது அவள் தாத்தா பெயர் இல்லை, டீச்சருடைய அப்பா பெயர் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய பிள்ளைகள் இன்றைக்கும் முத்தையாதான்.

அந்த டீச்சருக்கு யாரும் விழா எடுக்கவில்லை. எங்களை ஒரு அடி அடித்தவர் இல்லை என்பதால் எங்கள் குழுவில் அவரைப் பற்றிச் சொல்வதற்குச் சுவாரசியமாக ஒன்றும் கிடைப்பதில்லை. பிரம்படிக் கதைக்கு ஐம்பது சிரிப்பு பொம்மை விழுகிறது. இதையும் நீ யோசித்துக்கொள்.

கே., கோபித்துக்கொள்ளாதே. உன்னைத் திட்டுவதற்காக இவ்வளவு நீளமாக எழுதவில்லை. ஐரோலியில் உட்கார்ந்துகொண்டு பழைய கூட்டாளிகளை நினைத்து ராத்திரி தூக்கம் கெடுகிறாய் என்றால் நீ நல்ல பிள்ளைதான். ஆனால் போனை விட்டு எழுந்து நடக்க வேண்டும். உன் வகுப்பில் ஏழாவதோடு நின்ற பையன்களில் நாலைந்து பேராவது இன்னும் தாராவியை விட்டு வெளியே போயிருக்க மாட்டார்கள். விடிகாலையில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் போய் நில். மூன்று மணிக்கே எழுந்து அவித்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, தலையிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு மும்பை முழுக்கக் கிளம்புகிற ஆட்களைப் பார். ‘நீ நம்ம ஸ்கூலா?’ என்று நாலு பேரிடம் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு உன் வகுப்பே தெரிந்திருக்கும். பெண் பிள்ளைகளைத் தேட வேண்டுமென்றால் உன் வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, நீ தனியாகப் போய் விசாரித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சீக்கிரம் போ. வீடுகளை இடித்துக் கட்ட ஆரம்பித்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால், அந்தச் சந்துகளில் விசாரிக்க ஆள் கிடைக்காது.

கிடைத்தவர்களிடம் கணக்கு சார் விழாவுக்கு வருகிறீர்களா என்று கேள். வருகிறேன் என்றால் சந்தோஷம். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டு அதையும் குழுவில் போடு. நாலு பேர் திட்டுவார்கள், திட்டட்டும்.

வாழ்த்து மடலை உங்கள் குழுவிலேயே யாராவது எழுதுங்கள். சிற்பம், செதுக்கல் எல்லாம் இல்லாமல், சார் எங்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார், இன்னும் மறக்கவில்லை என்று எழுதினாலே அவருக்குப் புரியும். அழைப்பிதழ் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். பெயர்ப் பட்டியலை அனுப்பும்போது ஒவ்வொருத்தரிடமும் எந்தப் பெயரில் போட வேண்டும் என்று கேட்டு அனுப்பு.

அப்புறம், தேதியை மே மாதத்தில் வைத்துவிடாதே. பாதித் தாராவி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கும். விழாவும் மதியம் வேண்டாம், இட்லிக்காரர்கள் தூங்குகிற நேரம் அதுதான்.

அன்புடன்,
அக்கா